அடைமழை நாளிலும் சன்னல் திறந்திருக்கட்டும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நகரப் பேருந்துகளில் சன்னல் கண்ணாடிகள் வரிசையாக இறங்கிவிடும். உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம். நடுவில் யாரோ விடாமல் இருமுகிறார். இரண்டு நாள் கழித்து நமக்குத் தொண்டை கரகரக்கிறது, உடம்பெல்லாம் வலிக்கிறது. "மழையில் நனைஞ்சியா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். மழைத்தண்ணீரில் ஃப்ளூ வைரஸ் இல்லை. அது வந்தது, பேருந்துக்குள் அடைபட்டிருந்த காற்றில்.

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஃப்ளூ காய்ச்சல் கூடுவது வழக்கம். உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 100 கோடிப் பேரை ஃப்ளூ தாக்குகிறது; 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர்வரை அதனால் வரும் சுவாசப் பாதிப்பில் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. முதியவர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், நீரிழிவோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம்.

எப்படிப் பரவுகிறது?

இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் கீழே விழுந்துவிடும். பேசும்போதும் பாடும்போதும்கூட வெளியேறும் நுண்துளிகள், ஊதுபத்திப் புகையைப் போல அறைக்குள் மிதந்துகொண்டிருக்கும்.

2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சேர்ந்திசைக் குழுவினர் 61 பேர் இரண்டரை மணி நேரம் பாடிப் பயிற்சி செய்தார்கள். கிருமிநாசினியால் கைகளைத் துடைத்துக்கொண்டார்கள், கைகுலுக்குவதையும் தவிர்த்தார்கள். ஆனாலும் 53 பேர் கொரோனாவால் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். சளி அறிகுறியுடன் வந்திருந்தவர் ஒரே ஒருவர். கை சுத்தமாக இருந்தது; காற்று சுத்தமாக இல்லை. கொரோனா காலத்தில் கை கழுவப் பழகிய நாம், காற்றைப் பற்றிய இந்தப் பாடத்தை இன்னும் பழக்கமாக்கவில்லை.

காற்றுக்கு வழி விடுங்கள்

எதிரெதிரே இருக்கும் இரண்டு சன்னல்களையோ, வாசல் கதவையும் கொல்லைக் கதவையுமோ திறந்து வைத்தால் அறைக் காற்று வேகமாக மாறும். சாரல் அடிக்கும் பக்கத்தை மூடிவிட்டு மறுபக்கத்தை நான்கு விரற்கடை அளவு திறந்தாலும் பயன் உண்டு. மின்விசிறி மட்டும் சுழன்றால் உள்ளே இருக்கும் காற்றுதான் சுழலும். வீடுகளில் நாம் மாட்டும் ஸ்பிளிட் ஏசியும் அறைக் காற்றையே மறுபடி மறுபடி குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. வகுப்பறை, டியூஷன் சென்டர், கல்யாண மண்டபம் என எங்கே ஏசி ஓடினாலும் அவ்வப்போது கதவைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

முகக்கவசமும் சோப்பும்

நெரிசலான பேருந்திலும், மருத்துவமனையில் காத்திருக்கும்போதும் முகக்கவசம் அணியுங்கள். என்95 வகை, 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும். ஆனால் அது மூக்கையும் தாடையையும் இடைவெளியில்லாமல் மூடியிருக்க வேண்டும். இருமல் உள்ளவர் அணிந்தால் சுற்றியிருக்கும் அத்தனை பேருக்கும் காப்பு.

ஃப்ளூ, கொரோனா வைரஸ்களின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு நுரை அதைக் கரைத்து வைரஸைச் சிதைத்துவிடும். அதற்கு 20 நொடி தேய்ப்பது அவசியம். வெளியே போய்வந்தால் கை கழுவும்வரை கண், மூக்கு, வாயைத் தொடாதீர்கள். இருமல் வந்தால் முழங்கையின் உட்புறத்தில் இருமுங்கள்.

தடுப்பூசி

ஃப்ளூ வைரஸ் தொடர்ந்து உருமாறுவதால் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் என்பதால், மழைக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால்

அறிகுறி தெரிவதற்கு முந்தைய நாளே ஃப்ளூ பரவத் தொடங்கிவிடும். பிறகு ஐந்து முதல் ஏழு நாள்வரை பரவும். பாராசிட்டமால் போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருக்கும்வரை வெளியே போகாமல் இருப்பது நல்லது. ஒற்றை அறை வீடு என்றால் நோயாளியின் படுக்கையைச் சன்னலோரம் போடுங்கள். தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் ஓய்வே பெரும் செலவு. காய்ச்சலோடு வருபவரை வேலைக்கு வைக்காமல், கூலியையும் பிடிக்காமல் வீட்டுக்கு அனுப்பும் முதலாளி, மற்ற தொழிலாளர்களையும் காப்பாற்றுகிறார். இருமும் பிள்ளையை வருகைப்பதிவுக்காகப் பள்ளிக்கு வரச் சொல்லாத ஆசிரியரும் அப்படித்தான்.

ஆவி பிடித்தால் மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும்; வைரஸ் சாகாது. ஆன்டிபயாடிக் மாத்திரைகள் பாக்டீரியாவுக்கானவை. மருந்துக்கடையில் நீங்களாகவே கேட்டு வாங்காதீர்கள்.

எப்போது மருத்துவரிடம் போவது?

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே போவது, குழந்தைக்கு விலா எலும்பு உள்வாங்க மூச்சிரைப்பது, பால் குடிக்க மறுப்பது ஆகியவை அவசர அறிகுறிகள். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலும் மருத்துவரைப் பாருங்கள். ஆபத்து அதிகமுள்ளவர்கள் மூன்று நாள் காத்திருக்கக் கூடாது. ஃப்ளூவுக்கான ஒசெல்டமிவிர் மருந்து, அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

அடுத்த முறை பேருந்தில் மழை ஓய்ந்ததும், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு உங்கள் சன்னல் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். உள்ளே வரும் ஈரக்காற்று, பின் இருக்கையில் பேத்தியை மடியில் வைத்திருக்கும் பாட்டிக்கும் சேர்த்துத்தான்.