தண்ணீரைக் குறைத்தால் தீராது

கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டின் பின்னறையில் இருக்கும் தாயார் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தோம். கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்து, மாடு வளர்த்து வாழ்ந்தவர். பல இடம் மாறி, கடைசியில் மகளோடு கொழும்புக்கு வந்து சேர்ந்தவர். சீனி வருத்தம் வந்து பதினைந்து வருடமாகிறது. எங்களுக்குத் தேத்தண்ணீர் தந்தார், தான் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டோம்.

“குடிச்சா ஓடவேணும். கீழ ஒரு கக்கூசு, நாலு குடும்பம். காலமை ஒரு கோப்பை, பின்னேரம் ஒரு கோப்பை. அவ்வளவுதான்” என்றார்.

மிச்சத்தை மகள்தான் படிக்கட்டில் வைத்துச் சொன்னார். அம்மாவின் சேலை அடிக்கடி நனைகிறதாம். கோவிலுக்கும் போவதில்லை, கலியாண வீட்டுக்கும் போவதில்லையாம்.

இப்படியானவர்கள் வெள்ளவத்தையிலும் இருக்கிறார்கள், ஊர் திரும்பியவர்களிலும் இருக்கிறார்கள். வெளியே சொல்வதில்லை. ஊரில் வளவு பெரிது. வேலிக்கரை இருந்தது, பனங்கூடல் இருந்தது. அவசரம் வந்தால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நகரத்து அறையில் கதவுக்கு வெளியே வரிசை நிற்கிறது.

நகரத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு. 2005-2006 ஆண்டுகளில் இலங்கையில் நடந்த ஆய்வொன்றில், வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 10.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. நகரத்தில் 16.4, கிராமத்தில் 8.7. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்தக் கணக்கில் சேரவில்லை. மண்வெட்டி பிடித்த கை அறைக்குள் சும்மா இருப்பதும், அதே அளவு சோறு தொடர்வதும் சீனியை ஏற்றும் என்பதற்கு எங்களுக்கு ஆய்வு வேண்டியதில்லை.

இனி, சலம் ஏன் இப்படிப் படுத்துகிறது என்று பார்ப்போம். இரத்தத்தில் சீனி ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைத் தடுத்து வைக்க முடியாது. சீனி சலத்தோடு இறங்கும். இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் நிறையப் போகிறது, தாகமும் எடுக்கிறது. அந்த வேளையில் தண்ணீரைக் குறைத்தால் உடம்புதான் காயும், சீனி குறையாது. சலம் கடுமையாகி எரிவு வரும், கிருமி பிடிக்கவும் இடமுண்டு.

இரண்டாவது கோளாறு வேறு. இதைக் குளத்துக்குக் கீழ் வயல் செய்தவர்களுக்குச் சொல்வது சுகம். சலப்பை ஒரு குளம். அதில் 400 முதல் 500 மில்லிலீற்றர் வரை கொள்ளும். நிரம்புகிறது என்று சொல்வதும், மதகைத் திறக்கச் சொல்வதும் நரம்பு. பல வருடம் சீனி கூடி நின்றால் கால் விறைப்பது போலவே இந்த நரம்பும் மங்கிவிடும். குளம் நிரம்பியது தெரியாது. மதகைத் திறந்தாலும் பாதிதான் வடியும். பிறகு ஒரு கட்டத்தில் வான் பாயத் தொடங்கும். அந்த வான் தண்ணீர்தான் சேலையை நனைக்கிறது. ஒழுகுவதைப் பார்த்து, பை வெறுமையாகிவிட்டது என்று எண்ணக்கூடாது. உள்ளே தேங்கிக் கிடப்பதில் கிருமி வளரும். நாள் போனால் சிறுநீரகத்துக்கும் கேடு.

எல்லா ஒழுக்கும் இதனால் வருவதல்ல. பிள்ளை பெற்ற பெண்களுக்கு இடுப்புத் தசை தளர்ந்து, இருமினாலும் தும்மினாலும் சிந்தலாம். வயதான ஆண்களுக்குப் புரஸ்டேற் சுரப்பி வீங்கி வழியை அடைக்கலாம். அடக்க முடியாத அவசரம் வேறொரு வகை. பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், மருந்து ஒன்றல்ல. பக்கத்து வீட்டுக்காரரின் குளிசையை வாங்கிப் போடுவது இதனால்தான் ஆபத்து. கால் எரிவுக்குத் தரும் அமிற்ரிப்ரிலினும், தடிமனுக்குப் போடும் சில குளிசைகளும் சலத்தைக் கட்டிவிடக்கூடும். எம்பாகிளிப்ளோசின், டாபாகிளிப்ளோசின் போன்றவை சீனியைச் சலத்தோடு வெளியேற்றுபவை; அவற்றால் போக்கு கூடும், மறைவிடத்தில் கடியும் வரலாம். நீங்களாக நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

டொக்டரிடம் சொல்வதுதான் பெரிய பாடு. எங்களில் பலருக்குச் சிங்களம் வராது. பேத்தியை மொழிபெயர்க்க வைத்து இந்தக் கதையைச் சொல்ல எந்தப் பாட்டனுக்கு வாய் வரும்? ஒரு வழி உண்டு. கொப்பித் தாள் ஒன்றில் மூன்று நாளைக்கு எழுதுங்கள்: எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்குச் சலம் போனது, எவ்வளவு, எப்போது நனைந்தது. அளவு குறித்த பழைய பிளாஸ்ரிக் கோப்பை ஒன்று போதும். இலக்கத்துக்கு மொழி இல்லை; அந்தத் தாள் பாதிக் கதையைச் சொல்லிவிடும். கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்குத் தேசிய வைத்தியசாலையும், வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் களுபோவில போதனா வைத்தியசாலையும் கிட்ட. அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டரைப் பார்க்கக் காசில்லை. சலப் பரிசோதனையோடு, சலம் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கானில் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. நரம்பு மங்கியவர் உணர்வுக்காகக் காத்திராமல் மணிக்கூட்டைப் பார்த்துப் போகவேண்டும். பகலில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை. அவசரப்படாமல் குந்தி, போய் முடிந்ததும் ஓரிரு நிமிடம் பொறுத்து, மறுபடியும் ஒருமுறை முயலவேண்டும். பகலில் வழமைபோலத் தண்ணீர் குடித்து, படுக்கப் போக இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு முன் குறைத்துக்கொள்ளலாம். (இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ அளவு சொல்லப்பட்டவர்கள் அந்த அளவையே பிடிக்கவேண்டும்.) தசை தளர்ந்தவர்கள், வாயுவை அடக்கும்போது இறுகும் தசையை ஐந்து விநாடி இறுக்கி விடவேண்டும், பத்துத் தரம், நாளுக்கு மூன்று வேளை. பலன் தெரிய மூன்று மாதமாவது செல்லும். வெடுக்கென்று விட்டுவிடாதீர்கள்.

சூடு தணியட்டும் என்று செவ்விளநீர் குடிப்பவர்கள் அதிலும் சீனி உண்டென்பதை மறக்கக்கூடாது. பார்லித் தண்ணீரில் எங்களுக்குப் பகையில்லை. ஆனால் இறுகிய மதகை அது திறக்காது.

வெள்ளவத்தையில் இருந்து யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்ஸுக்காக மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடியாமல் இருப்பவர்களை நாங்கள் அறிவோம். சீனி வருத்தக்காரருக்கு இது கூடாது. ஏறுமுன் போய்விட்டு, நடத்துநரிடம் முன்கூட்டியே ஒரு சொல் சொல்லி வையுங்கள், அநேகமானோர் நிறுத்துவார்கள். மாற்றுத் துணியும் ஒரு பையும் மடியில் இருக்கட்டும்.

நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்க நோ, சத்தி, சலத்தில் இரத்தம், அல்லது அடிவயிறு வீங்கியும் சலமே போகாத நிலை வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அந்தத் தாயாருக்கு ஸ்கானில், போய்விட்டு வந்த பிறகும் 300 மில்லிலீற்றர் நின்றது. கிருமிக்கு மருந்து கொடுத்தார்கள், இன்சுலின் அளவை மாற்றினார்கள். மகள் கீழ்வீட்டுப் பெண்களிடம் மனம்விட்டுக் கதைத்தார். அவர்களில் ஒருத்தியின் மாமியாருக்கும் இதே கரைச்சல்தானாம்! காலை ஆறு மணிக்கு இரண்டு கிழவிகளுக்கும் முதலிடம் என்று பேசி முடித்தார்கள்; இரவுக்கு மூடியுள்ள வாளி ஒன்று கட்டிலடியில் இருக்கிறது. இருமினால் இன்னும் கொஞ்சம் நனைகிறது. அடுத்த மாதம் மறுபடி ஸ்கான் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.