தாய்க்கு விசா, முதல் மணத்துப் பிள்ளைக்கு?

புது தில்லி: மறுமணம் செய்துகொண்டு பிரிட்டனில் குடியேற விரும்பும் இந்தியப் பெண்கள், கணவரின் வருமானத்தையும் திருமணத்தின் உண்மைத்தன்மையையும் நிரூபித்த பின்னரும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. முதல் மணத்தில் பிறந்த குழந்தையை வளர்க்கும் பொறுப்பு யாருடையது என்பதே அது. குழந்தையுடன் செல்லும் ஆண்களுக்கும் இது பொருந்தும்.

புதிய கணவர் குழந்தையைத் தம் பிள்ளையாக ஏற்கிறார், செலவையும் பார்த்துக்கொள்கிறார் என்பது மட்டும் போதாது. பிரிட்டன் குடியேற்ற விதிகளின்படி, பெற்ற தந்தை இறந்திருந்தால்தான் மாற்றாந்தந்தை "பெற்றோர்' என்ற வரையறைக்குள் வருவார். தந்தை உயிருடன் இருந்தால், மணவிலக்கு நடந்து எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும், தாயா, தந்தையா என்ற கேள்விக்கே விசா அதிகாரி விடை தேடுவார்.

இரு வழிகள்: துணைவர் விசா பெறும் தாயுடன் குழந்தையும் விண்ணப்பித்தால், அக்குழந்தையின் வளர்ப்பில் முழுப் பொறுப்பும் தாயுடையது என்றோ, குழந்தை தந்தையிடம் அல்லாமல் தாயிடமே வழக்கமாக வசிக்கிறது என்றோ காட்டலாம். தாய் முன்னதாகச் சென்று, நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்ற பிறகு குழந்தையை அழைப்பதானால் நிலைமை வேறு. அப்போது பொருந்தும் 297-வது பத்தி, பெற்ற தந்தை உயிருடன் இருக்கும் நிலையில், முழுப் பொறுப்பை நிரூபிக்கச் சொல்கிறது. இல்லையேல், குழந்தையை அனுமதிக்க மறுப்பது தகாது என்று கருதத்தக்க அழுத்தமான காரணங்களைக் காட்ட வேண்டும். "முதலில் நான் போகிறேன், பிள்ளை பாட்டி வீட்டில் இருக்கட்டும்' என்று எடுக்கப்படும் முடிவு பின்னர் சிக்கலாவது இதனால்தான்.

முழுப் பொறுப்பு என்றால் என்ன? பிரிட்டனின் புகலிட, குடியேற்றத் தீர்ப்பாயம் 2006-ம் ஆண்டு ஏமன் நாட்டவர் தொடர்பான வழக்கில் இதற்கு விளக்கம் அளித்தது. குழந்தையின் வாழ்வில் முக்கிய முடிவுகளை எடுப்பது யார், தொடர்ந்து வழிநடத்துவது யார் என்பதே அளவுகோல். அன்றாடம் சோறூட்டிப் பள்ளிக்கு அனுப்புவது பாட்டியாக இருப்பதால் மட்டுமே தாயின் பொறுப்பு இல்லாமல் போய்விடாது. ஆனால், வளர்ப்பில் தாய், தந்தை இருவருமே பங்கு கொண்டிருந்தால், ஒருவருக்கு மட்டும் முழுப் பொறுப்பு என்பது அரிதாகவே ஏற்கப்படும்.

ஆகவே, குழந்தை தாயின் பராமரிப்பில் இருக்கும் என்று கூறும் நீதிமன்ற ஆணை முக்கியச் சான்றே தவிர, முடிவான சான்று அல்ல. பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திட்டது யார், கட்டணம் செலுத்தியது யார், மருத்துவமனையில் சிகிச்சைக்கு ஒப்புதல் தந்தது யார் என்பவற்றுக்கெல்லாம் ஆவணம் தேவை. தாய் வெளிநாட்டில் இருந்தால், பணம் அனுப்பிய ரசீதுகளுடன் ஆசிரியருடனும் பிள்ளையுடனும் தொடர்பில் இருந்ததற்கான சான்றுகளும் வேண்டும். தந்தையின் கடிதமும் உதவும். ஆனால், "அழைத்துச் செல்ல அனுமதிக்கிறேன்' என்பதோடு அது நின்றுவிட்டால், முடிவெடுக்கும் உரிமை அவருக்கும் உண்டு என்ற பொருள் தொனிக்கக்கூடும். வளர்ப்பு முடிவுகளில் தமக்குப் பங்கில்லை என்பது உண்மையானால், அதையும் அவர் எழுதித் தருவது நல்லது.

எதிர்த்திசையில் இந்தியச் சட்டம்: 1956-ம் ஆண்டின் ஹிந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், தந்தையை இயற்கைக் காப்பாளராகவும், அவருக்குப் "பின்' தாயையும் குறிப்பிடுகிறது. மாற்றாந்தந்தைக்கும் மாற்றாந்தாய்க்கும் அதில் இடமில்லை. "பின்' என்பதற்குத் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருளல்ல, அவர் பொறுப்பில் இல்லாத நிலையையும் அது குறிக்கும் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதேவேளையில், பெற்றோர் பிரிந்தாலும் இருவரது அன்பும் குழந்தைக்கு உரியது என்பதை இந்திய நீதிமன்றங்கள் வலியுறுத்தி வருகின்றன. 2020-ல் யஷிதா சாஹு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே கூறியது. கூட்டுப் பராமரிப்புக்குச் சட்டத்தில் இடமளிக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015 மே மாதம் தனது 257-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. சுஷில் குமார் மோடி தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு 2022 ஆகஸ்டில் அளித்த அறிக்கையில், தாயையும் தந்தையையும் சமமான இயற்கைக் காப்பாளர்களாக அங்கீகரிக்கவும், கூட்டுப் பராமரிப்புக்கு வழிசெய்யவும் கோரியது.

முரண்பாடு இங்குதான் எழுகிறது. தில்லியில் நல்ல தந்தைக்கு அடையாளமாகக் கருதப்படும் ஈடுபாடு, பிரிட்டன் விசா விண்ணப்பத்தில் தாய்க்குப் பாதகமாகலாம். பரஸ்பர சம்மதத்துடன் மணவிலக்கு பெறும்போது, பிற்காலத்தில் வெளிநாடு செல்ல நேரிடும் என்று பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பள்ளி, மருத்துவம், பாஸ்போர்ட் பற்றி முடிவெடுப்பது யார் என்பதை அப்போதே ஆணையில் தெளிவாகக் குறிப்பிடச் செய்வது, பின்னாளில் தாயின் வாதத்துக்கு வலுச்சேர்க்கும்.

கூட்டுப் பராமரிப்பு இந்தியாவில் சட்டமாக்கப்பட்டால் முழுப் பொறுப்பை நிரூபிப்பது மேலும் கடினமாகும். அதற்காக அந்தச் சீர்திருத்தத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால், மறுமணம் செய்துகொண்ட பெற்றோர் குழந்தையுடன் வெளிநாட்டில் குடியேறும்போது பின்பற்ற வேண்டிய நடைமுறையையும் அச்சட்டம் வகுத்தாக வேண்டும். இல்லையெனில், பிள்ளையைத் தந்தையிடமிருந்து விலக்கி வைத்த தாய்க்கு எளிதாகவும், இருவரது அன்பையும் பேணிய தாய்க்குக் கடினமாகவும் விசா அமைந்துவிடும்.