அலைவாய்க் கரைகள் – 9: எண் சுமந்த மீன்கள்

கடலில் மீன் குறைந்துவிட்டது என்கிறோம். எவ்வளவு இருந்தது, எவ்வளவு குறைந்தது என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அதற்கும் அடிப்படையான ஒரு கேள்வி: ஒரு மீன் தன் வாழ்நாளை எங்கே கழிக்கிறது?

இது தெரியாமல் எந்த மீனையும் காப்பாற்ற முடியாது. ஒரே பாறைத்திட்டில் காலம் முழுக்க வாழும் மீன் என்றால், அந்த இடத்தில் தூண்டிலையும் வலையையும் தடுத்தால் போதும், அது பிழைத்துக்கொள்ளும். ஆண்டுதோறும் ஆயிரம் கிலோமீட்டர் போய்வரும் மீனுக்கு அந்தத் தடையால் பெரிய பயன் இல்லை. அது முட்டையிடும் பருவத்தில் கரை முழுவதும் கை கட்டி நிற்க வேண்டும். இரண்டு மீனுக்கும் இரண்டு வகைச் சட்டம். எந்த மீன் எந்த வகை என்று தெரியாமல் போட்ட சட்டம் மீனவரின் பிழைப்பைக் கெடுக்கும், மீனையும் காக்காது.

காட்டில் யானை எங்கே போகிறது என்று தடம் பார்த்துச் சொல்லிவிடலாம். கடலில் தடம் இல்லை. ஆகவே மீனைப் பிடித்து, உடலில் எண் பொறித்த ஓர் அடையாளத்தைப் பதித்து, மறுபடி கடலில் விட்டு, அது வேறொருவர் கையில் சிக்கும்வரை காத்திருக்கும் வழியை அறிவியலாளர்கள் கண்டார்கள். எளிய வழிதான். ஆனால் இதற்கு ஆயிரக்கணக்கான மீன்களைப் பிடித்தாக வேண்டும். ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை பார்க்கும் பத்துப் பேரால் அது ஆகாது. பிறகு யாரால் ஆகும்? வார இறுதி விடிந்ததும் தூண்டில் கழியோடு கடலுக்குக் கிளம்பிவிடும் சாதாரண மனிதர்களால் ஆகும்.

1954இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த ஃபிராங்க் மாதர், சூரை மீன்களின் பயணத்தை அறிய, பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர்களின் உதவியைக் கேட்டார். 1962இல் ஜாக் கேசி சுறாக்களுக்கு அதே முறையைக் கொண்டுவந்தார். இந்த இரண்டிலும் குறியாக இருந்தவை ஆழ்கடலில் திரியும் பெரிய மீன்கள். கரையோரத்து மீன்களுக்காக இந்த வேலையைப் பல பத்தாண்டுகள் விடாமல் செய்துவரும் நாடுகளில் முக்கியமானது தென்னாப்பிரிக்கா. டர்பன் நகரில் இருக்கும் கடலாய்வு நிலையம் 1984இல் ‘கூட்டுறவு மீன் அடையாளத் திட்டம்’ ஒன்றைத் தொடங்கியது. அதைத் தொடங்கி வைத்தவர் ரூடி வான் டெர் எல்ஸ்ட் என்ற மீன் ஆய்வாளர். திட்டம் இன்றும் நடக்கிறது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் அதில் சேர்ந்து, 3 லட்சத்துக்கும் அதிகமான மீன்களுக்கு அடையாளம் இட்டுக் கடலில் விட்டிருக்கிறார்கள்.

அவர்கள் செய்யும் வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மீன் தூண்டிலில் மாட்டிக் கரைக்கு வந்ததும் சுடுமணலில் புரள விடக்கூடாது. தாடையைப் பிடித்துத் தொங்கவிடக்கூடாது, செவுளுக்குள் விரல் விடக்கூடாது. ஈரமான விரிப்பில் படுக்க வைத்து, ஈரத்துணியால் கண்ணை மூடினால் அது துள்ளாமல் கிடக்கும். முள்ளை எடுத்துவிட்டு, மூக்கு நுனியிலிருந்து வால் வரை நீளத்தை அளக்க வேண்டும். பிறகு, நடுவில் துளையுள்ள எஃகு ஊசியில் பிளாஸ்டிக் இழை ஒன்றைப் பொருத்தி, முதுகுத் துடுப்புக்குச் சற்றுக் கீழே சாய்வாகச் செலுத்த வேண்டும். இழையின் முனையில் உள்ள சிறு கொக்கி, துடுப்பைத் தாங்கும் எலும்புகளுக்கு இடையில் மாட்டிக்கொள்ளும். ஊசியை உருவிவிட்டால் இழையின் மறுமுனை வெளியே நிற்கும். அதில் ஓர் எண்ணும், தகவல் சொல்லவேண்டிய முகவரியும் இருக்கும். மீன் தானாக நீந்தும் பலம் பெறும்வரை தண்ணீரில் தாங்கிப் பிடித்து, அதன்பின் விட வேண்டும். இவ்வளவும் மிக விரைவில் முடிந்தாக வேண்டும். தண்ணீருக்கு வெளியே கழியும் ஒவ்வொரு நொடியும் மீனின் உயிரைக் குறைக்கிறது.

அதன்பின் எழுத்து வேலை. எண், மீனின் வகை, நீளம், தேதி, இடம் ஆகியவற்றைக் குறித்து டர்பனுக்கு அனுப்ப வேண்டும். அந்த மீனை வேறொருவர் பிடித்தால் அவரும் அதே விவரங்களைச் சொல்ல வேண்டும். இரண்டு குறிப்புகளும் சேரும்போது, மீன் எத்தனை நாள் கடலில் இருந்தது, எவ்வளவு வளர்ந்தது, எவ்வளவு தூரம் போனது என்பது தெரியும். முதலில் விட்டவருக்கும் பின்னால் பிடித்தவருக்கும் நிலையம் அந்தக் கதையைச் சொல்லி அனுப்புகிறது. அடையாளமிட்ட நூறு மீன்களில் ஏறக்குறைய ஆறுதான் இப்படித் திரும்பக் கிடைக்கின்றன. மற்றவற்றில் எத்தனை இறந்தன, எத்தனை இன்னும் நீந்துகின்றன, எத்தனை எவர் வீட்டு அடுப்பிலோ சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தன என்பதற்குக் கணக்கு இல்லை. ஆனால் நூற்றுக்கு ஆறு என்றாலும், 3 லட்சத்தில் அது பதினெட்டாயிரத்தைத் தொடுகிறது. அத்தனை மீன்களின் பயணக் குறிப்பைக் கூலி கொடுத்துச் சேர்க்க எந்த அரசிடமும் பணம் இருந்திருக்காது.

இந்தக் குறிப்புகள் என்ன சொல்லின? கல்யூன் என்ற மீனிலிருந்து தொடங்கலாம். அது தென்னாப்பிரிக்காவின் தேசிய மீன். வெள்ளை நுரை பொங்கும் பாறைக் கரையில், அலை உடையும் இடத்திலேயே வாழும். சுவையான மீன் என்பதால் தூண்டில்காரர்களுக்கு அதன் மேல் தனி ஆசை. ஆசையே அதைக் குறைத்தது. இன்று ஒருவர் ஒரு நாளில் இரண்டு கல்யூன்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. 35 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைத் தொட முடியாது. அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி முடியும்வரை பிடிக்கவே முடியாது. விற்பதற்கும் அனுமதி இல்லை.

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கோடியான அகுல்யாஸ் முனைக்குக் கிழக்கே டி ஹூப் என்ற கடல் காப்பகம் உண்டு. 1980களின் நடுவில் அங்கே மீன்பிடிப்பை நிறுத்தினார்கள். புரூஸ் பென்னெட், காலின் ஆட்வுட் என்ற இரு ஆய்வாளர்கள், ஆய்வுக்காக மட்டும் அங்கே தூண்டில் போட்டு, பிடித்ததை அளந்து, அடையாளமிட்டு விட்டார்கள். தூண்டில் பழகிய தன்னார்வலர்கள் அவர்களுக்குக் கைகொடுத்தார்கள். தடை வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, அதே கரையில் அதே அளவு நேரம் தூண்டில் போட்டால் கிடைக்கும் மீன், கல்யூன் உள்ளிட்ட பல இனங்களில், முன்னைவிடப் பல மடங்காகியிருந்தது. விட்டுவைத்தால் கடல் திருப்பித் தரும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமானது அடையாளங்கள் சொன்ன செய்தி. 1987 முதல் 1991 வரை டி ஹூப்பில் 11 ஆயிரத்துக்கும் அதிகமான கல்யூன்களுக்கு அடையாளம் இட்டார்கள். அவற்றில் சுமார் ஆயிரம் மீன்கள் மறுபடி பிடிபட்டன. பெரும்பாலானவை விட்ட இடத்திலேயே கிடைத்தன. ஒரு சிறு பங்கு மட்டும் காப்பகத்தின் எல்லையைத் தாண்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போயிருந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பிடிபட்டவையும் உண்டு.

கடல் காப்பகத்தை எதிர்ப்பவர்கள் எந்தக் கரையிலும் ஒரே வாதத்தைத்தான் வைப்பார்கள்: மீன் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு துண்டுக் கடலை மூடி என்ன லாபம்? கல்யூன் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. தங்கும் மீன்கள் காப்பகத்துக்குள் வளர்ந்து, பெருத்து, முட்டையிடுகின்றன. வெளியேறும் சில மீன்கள் காப்பகத்துக்கு வெளியே உள்ள கரைகளுக்குப் போய்ச் சேர்கின்றன. மூடிய கடல், திறந்த கடலில் தூண்டில் போடுபவருக்கும் மீன் கொடுக்கிறது. இதைச் சொன்னவை காப்பக எல்லைக்கு வெளியே நின்று தூண்டில் போட்டவர்கள் கையில் சிக்கிய மீன்கள். அவற்றின் முதுகில் இருந்த எண்ணை அந்த மனிதர்கள் பொறுப்பாகத் தெரிவித்ததால்தான் இது வெளியே வந்தது.

நாட்டின் வடகிழக்கு ஓரத்தில், உலகப் பாரம்பரியச் சின்னமான இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவின் கரையிலும் இதே வேலை நடந்தது. அங்கே பாறைகளை ஒட்டி வாழும் களவா, சங்கரா வகை மீன்கள் பல, மறுபடி மறுபடி ஏறக்குறைய அதே இடத்திலேயே பிடிபட்டன. ஒரு பாறைத்திட்டுக்கு வாரந்தோறும் போய் அதன் களவா மீன்களைத் தூக்கி வந்தால், நிரப்புவதற்கு வேறெங்கிருந்தும் வளர்ந்த மீன் விரைந்து வராது என்பதுதான் இதன் பொருள்.

இதற்கு நேர் எதிர், நம் ஊர்ப் பாறை மீன் குடும்பத்தைச் சேர்ந்த லீர்விஸ். குளிர்காலத்தில் சாளைக் கூட்டம் கேப் பகுதியிலிருந்து குவாசூலு-நட்டால் கரையை நோக்கிப் பெருந்திரளாக நகரும்போது, லீர்விஸும் பின்தொடர்ந்து போகிறது, அங்கே முட்டையிடுகிறது. தெற்கே அடையாளமிட்ட மீன் நட்டாலில் பிடிபடும்போது, இரு மாகாணத்தாரும் பகிர்ந்துகொள்வது ஒரே மீன்கூட்டம் என்பது உறுதியாகிறது. ஒரு மாகாணம் மட்டும் கட்டுப்பாடாக இருந்து பயன் இல்லை.

கோப் என்ற மீனின் கதை மனதை வருத்துவது. நம் கத்தாளைக் குடும்பத்து மீன் அது. 40 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது, ஆளுயரத்துக்கு வளரக்கூடியது. குஞ்சுகள் கழிமுகங்களில் வளர்கின்றன. அடையாளமிட்ட இளம் மீன்கள் பெரும்பாலும் அதே கழிமுகத்தில்தான் திரும்பப் பிடிபட்டன. பெண் மீன் முட்டையிடும் பருவத்தை அடைய ஒரு மீட்டருக்கு மேல் வளர வேண்டும். ஆனால் அகுல்யாஸுக்குக் கிழக்கே, கரையிலிருந்தும் கழிமுகத்திலிருந்தும் பிடிப்பவருக்குச் சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 60 சென்டிமீட்டர். ஒருமுறைகூட முட்டையிடாத மீனைச் சட்டப்படியே எடுத்துப் போகலாம். 1990களில் செய்த மதிப்பீட்டின்படி, முட்டையிடும் மீன்களின் மொத்த எடை, மீன்பிடிப்புக்கு முன் இருந்ததில் 1 சதவீதத்துக்கும் 4.5 சதவீதத்துக்கும் இடையில்தான் எஞ்சியிருந்தது. ஒரு கழிமுகத்தில் தூண்டில் போடுபவர் அங்கே வளரும் அடுத்த தலைமுறையையே கையில் வைத்திருக்கிறார். எடுப்பதா விடுவதா என்பது அந்த நொடியில் அவர் முடிவு. இந்த விஷயத்தில் சட்டத்தைவிட அவர் மனசாட்சி முன்னே நிற்க வேண்டியிருக்கிறது.

அடையாளமிடுவதே மீனைக் காப்பதாக ஆகிவிடாது, அதையும் சொல்ல வேண்டும். பழகாத கையால் தவறான இடத்தில் ஊசி போட்டால் மீன் சாகும். நெடுநேரம் போராடிக் களைத்த மீன், நீந்திப் போனதுபோலத் தெரிந்தாலும் பிறகு இறக்கலாம். இழை கழன்று விழலாம், அதன்மேல் பாசி படர்ந்து எண் மறையலாம். ஆகவே எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட, தேவையான இனங்களில், தகுந்த அளவுள்ள மீன்களுக்கு மட்டும், சரியாகச் செய்வதே மேல். இன்று தென்னாப்பிரிக்கக் கரை நெடுக ஒலிவாங்கிக் கருவிகளைக் கடலடியில் வைத்து, ஒலி எழுப்பும் சிறு கருவியை மீனுக்குள் பொருத்தி, அது கடந்து போவதைப் பதிவு செய்கிறார்கள். அது துல்லியமானது, செலவும் அதிகம். சில நூறு மீன்களின் அன்றாடத்தை அது சொல்லும். பல லட்சம் மீன்களின் நாற்பதாண்டு வரலாற்றைச் சொல்ல இன்னும் அந்தப் பிளாஸ்டிக் இழைதான் இருக்கிறது.

இந்தக் கதையில் தமிழர்களுக்கும் ஓர் இடம் உண்டு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் டர்பனில் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. அப்படிப் போனவர்களில் சிலர், ஒப்பந்தம் முடிந்ததும் டர்பன் வளைகுடாவில் மீன்பிடித்துப் பிழைத்தார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அந்த நகரத்தின் கடல் பாலங்களில் தூண்டிலோடு நிற்கிறார்கள். ஷாட் என்ற மீன்மேல் அவர்களுக்கு இருக்கும் பற்று ஊரறிந்தது. அந்த ஷாட் மீனுக்கும் அக்டோபர், நவம்பர் இரண்டு மாதம் தடை உண்டு. அது நட்டால் கரைக்கு வந்து முட்டையிடும் காலம் என்பதே காரணம்.

மீனுக்கு அடையாளமிடும் தன்னார்வலர்களிடம் நான் மதிப்பது ஒன்றை. தங்கள் கையால் சேர்த்த சான்று, ஒருநாள் தங்களுக்குப் பிடித்த இடத்தையே மூடிவிடக்கூடும், எடுத்துப்போகும் மீனின் எண்ணிக்கையைக் குறைத்துவிடக்கூடும் என்று தெரிந்தேதான் சேர்க்கிறார்கள். கடலிடமிருந்து பெற்றுக்கொண்ட மனிதர் கடலுக்குச் செய்யும் கடன் இது. அறிவியல் என்பது ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் நடப்பது என்ற எண்ணத்தையும் இவர்கள் மாற்றியிருக்கிறார்கள்.

கடைசியாக, நம் கரையில் வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒடிசாவில் துடுப்பில் உலோக அடையாளம் பூட்டப்பட்ட பங்குனி ஆமைகள் தமிழகக் கடலிலும் இலங்கைக் கடலிலும் கிடைத்திருக்கின்றன. உங்கள் வலையிலோ தூண்டிலிலோ மணலிலோ எண் பொறித்த ஆமையையோ மீனையோ கண்டால், அந்த எண்ணையும் நாளையும் இடத்தையும் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் படம் எடுங்கள். உயிரோடு இருந்தால் அடையாளத்தைக் கழற்றாமல் கடலில் விடுங்கள். ஆமை என்றால் வனத்துறைக்கும், மீன் என்றால் பக்கத்திலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம், தூத்துக்குடி மையங்களுக்கோ தகவல் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால், எங்கோ ஒருவர் பாடுபட்டுத் தொடங்கிய கணக்கு பாதியிலேயே நின்றுபோகும்.

(தொடரும்)