செவியுள்ள கருவிகள்: இசைக்கேற்ப அதிரும் பாலின்பச் சாதனங்களும் பயனரின் அந்தரங்க உரிமையும்

பாலின்பத்திற்கென உருவாக்கப்பட்ட அதிர்வுக் கருவிகள், அதாவது வழக்கில் வைப்ரேட்டர் எனப்படுபவை, நெடுங்காலம் ஒரு மின்கலமும் ஒரு சிறு மோட்டாரும் ஒரு பொத்தானும் கொண்ட எளிய பொருள்களாகவே இருந்தன. பாட்டின் தாளத்திற்கும் ஒலியின் ஏற்ற இறக்கத்திற்கும் ஏற்ப அதிர்வைக் கூட்டியும் குறைத்தும் இயங்கும் வகை சந்தைக்கு வந்தபோது அப்பொருளின் இயல்பே மாறியது. ஏனெனில் இசைக்கேற்ப அதிர வேண்டுமானால் கருவிக்கு இசை எட்ட வேண்டும், சுற்றுப்புற இசையை எட்டச் செய்வதற்கு ஒரு செவி வேண்டும், அந்தச் செவி பெரும்பாலும் பயனரின் கைப்பேசியில் உள்ள ஒலிவாங்கியாக, அதாவது மைக்காக, இருக்கிறது. வயது வந்த ஒருவர் தம் விருப்பத்தின் பேரில் தனிமையிலோ, இணையரின் இசைவுடனோ இத்தகைய கருவியைப் பயன்படுத்திப் பார்ப்பதில் இழிவு எதுவும் இல்லை. ஆயினும் வீட்டின் மிக அந்தரங்கமான அறையில் திறந்து வைக்கப்படும் அந்தச் செவி எதைக் கேட்கிறது, கேட்டதை எங்கே வைக்கிறது, தவறு நேர்ந்தால் யார் பொறுப்பேற்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அறிந்த பின்னரே அதை வாங்குவது அறிவுடைமை.

ஒலி அதிர்வாக மாறும் விதம்

இசையைக் கருவிக்குக் கொண்டுசேர்க்கும் வழிகள் மூன்று. முதலாவது கம்பி வழி. ஆப்பிள் நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய சுகி டன்ஹம் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் தொடங்கிய ஓமைபாட் நிறுவனம், 2006-ஆம் ஆண்டையொட்டி அறிமுகப்படுத்திய கருவி, ஐபாட் இசைப்பெட்டியில் ஹெட்போன் செருகும் துளையில் கம்பியால் இணைக்கப்பட்டது. பாட்டின் மின்சைகை அக்கம்பி வழியே கருவிக்குச் சென்றதே தவிர, கருவியிலிருந்து வெளியே எதுவும் செல்ல வழி இருக்கவில்லை. இரண்டாவது வழியில் கருவியிலோ அதன் ரிமோட்டிலோ சிறு ஒலிவாங்கி பொருத்தப்பட்டு, சுற்றுப்புற ஒலி அங்கேயே அதிர்வாக மாற்றப்படுகிறது. மூன்றாவதும் இன்று பரவலாக உள்ளதுமான வழியில், கைப்பேசியில் நிறுவப்படும் செயலி ஒலியின் உரப்பையும் கனத்த தாழ்சுருதி அடிகளையும் அளந்து, அவற்றை மோட்டாரின் வேகத்திற்கான கட்டளைகளாக மாற்றிப் புளூடூத் வழியே கருவிக்கு அனுப்புகிறது.

இந்த மூன்றாவது வகைக்குள்ளும் பயனர் கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. கைப்பேசியில் சேமித்துள்ள பாட்டைச் செயலியே இயக்கி அதற்கேற்ப அதிரச் செய்தால் ஒலிவாங்கி தேவைப்படாது; அறையில் ஒலிக்கும் இசையைக் கேட்டு அதிரச் செய்வதென்றால் ஒலிவாங்கிக்கான அனுமதி கட்டாயமாகிறது. அவ்வனுமதி பாட்டுக்கும் மனிதக் குரலுக்கும் வேறுபாடு பாராது. அறையில் எழும் எல்லா ஒலியும் அதே வாயில் வழியாகவே செயலியை அடைகிறது.

பாட்டுக்காகத் திறந்த செவி

இந்த இடர் வெறும் ஊகம் அன்று. ஹாங்காங்கைத் தளமாகக் கொண்டிருந்த லவென்ஸ் நிறுவனத்தின் செயலி, கருவி பயன்பாட்டில் இருந்தபோது அறையில் எழுந்த ஒலியைப் பல நிமிடங்கள் பதிவு செய்து கைப்பேசியிலேயே கோப்பாக விட்டுவைத்திருந்ததை, 2017 நவம்பரில் பயனர் ஒருவர் கண்டறிந்து வெளிப்படுத்தினார். ஒலிக்கேற்ப அதிரும் வசதிக்காக உருவாகும் தற்காலிகக் கோப்பு, பயன்பாடு முடிந்ததும் அழிய வேண்டியிருக்க, ஆண்ட்ராய்டு பதிப்பில் இருந்த பிழையால் அழியாமல் தங்கிவிட்டது என்றும், அது நிறுவனத்தின் கணினிகளுக்கு அனுப்பப்படவில்லை என்றும் நிறுவனம் விளக்கமளித்துச் செயலியைத் திருத்தியது. விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், கைப்பேசி தொலைந்தாலோ பிறர் கையில் சிக்கினாலோ படுக்கையறையின் ஒலி வெளியேறக்கூடிய நிலையில் இருந்தது என்ற உண்மை மாறுவதில்லை. அந்தப் பயனர் கோப்புகளைத் தேடிப் பார்த்திராவிட்டால் தம் குரல் பதிவானதையே அவர் அறிந்திருக்க மாட்டார்.

நீதிமன்றம் சென்ற வழக்கு

கனடாவின் ஒட்டாவா நகரைச் சேர்ந்த ஸ்டாண்டர்ட் இன்னொவேஷன் நிறுவனத்தின் வீ-வைப் கருவிகள் தொடர்பான வழக்கு, இத்துறையில் பயனர் உரிமைக்குக் கிடைத்த முதன்மையான முன்மாதிரியாகும். 2016 ஆகஸ்டில் லாஸ் வேகஸில் நடைபெற்ற டெஃப்கான் எனும் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், நியூசிலாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர், அக்கருவியின் செயலி அதிர்வின் அளவையும் கருவியின் வெப்பநிலையையும் நிறுவனத்தின் சர்வர்களுக்கு, அதாவது தரவைப் பெற்றுச் சேமிக்கும் மையக் கணினிகளுக்கு, அனுப்பிக்கொண்டிருந்ததைச் செய்துகாட்டினர். எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த வேகத்தில் ஒருவர் கருவியைப் பயன்படுத்தினார் என்ற குறிப்பு அவருடைய மின்னஞ்சல் முகவரியோடு சேர்த்து வைக்கப்பட்டது என்று குற்றஞ்சாட்டி, அடுத்த மாதமே இல்லினாய் மாநிலத்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் கூட்டு வழக்கு, அதாவது ஒரே வகைப் பாதிப்புக்குள்ளான பலரின் சார்பில் ஒருவர் தொடுக்கும் வழக்கு, பதிவானது.

வழக்குத் தொடுத்த பெண் தம் பெயரின் முதலெழுத்துகளை மட்டுமே நீதிமன்ற ஆவணத்தில் குறிப்பிட்டார் என்பது இங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. கருவியை வாங்கியோர் ஏறத்தாழ 3,00,000 பேர் என்றும், அவர்களுள் செயலியைப் பயன்படுத்தியோர் ஏறத்தாழ 1,00,000 பேர் என்றும் கணக்கிடப்பட்டது. 2017 மார்ச்சில் ஏற்பட்ட சமரசத்தின்படி, நிறுவனம் தன்மீதான குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே ஏறத்தாழ 37.5 இலட்சம் அமெரிக்க டாலர் வழங்க இசைந்தது. செயலியைப் பயன்படுத்தியவருக்கு 10,000 டாலர் வரையும், கருவியை மட்டும் வாங்கியவருக்கு 199 டாலர் வரையும் என உச்சவரம்பு வகுக்கப்பட்டது. சேர்த்த தரவை அழிப்பதும், இனிமேல் அவ்வாறு சேர்க்காதிருப்பதும் சமரசத்தின் பகுதிகளாயின.

அந்நியர் கைக்குச் செல்லும் கட்டுப்பாடு

தரவுக் கசிவைப் போலவே கவலைக்குரியது, கருவியின் இயக்கமே பிறர் கைக்குப் போவது. குறைந்த மின்னாற்றல் புளூடூத் முறையில் இயங்கும் பல கருவிகள், கடவு எண் எதையும் கேட்காமல் அருகில் உள்ள எந்தக் கைப்பேசியோடும் இணைய இடந்தருவதை, பிரிட்டனின் பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் என்னும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2017-இல் எடுத்துக்காட்டியது. அதே ஆண்டில், படக்கருவி பொருத்தப்பட்ட ஒரு வைப்ரேட்டரின் வைஃபை கடவுச்சொல், எட்டு என்ற இலக்கத்தை எட்டு முறை அடுக்கியதாகவே தொழிற்சாலையில் அமைக்கப்பட்டிருந்ததும் அந்நிறுவனத்தின் ஆய்வில் வெளிவந்தது. கருவியை அணிந்திருப்பவரின் இசைவின்றி அந்நியர் ஒருவர் அதை இயக்குவது பாலியல் வன்தாக்குதலாகக் கருதப்படக்கூடியது என்று டெஃப்கான் ஆய்வாளர்கள் எழுப்பிய வாதம் முற்றிலும் நியாயமானது. உடலின் மீதான இசைவு என்பது, இடையில் ஒரு கருவியும் ஒரு கம்பியில்லா அலையும் இருப்பதனால் தளர்ந்துவிடுவதில்லை.

உடல்நலக் காப்பு

இசைக்கேற்ப அதிரும் கருவியில், அமைதியான பகுதிக்குப் பின் திடீரென எழும் உரத்த இசை அதிர்வையும் திடீரென உச்சத்திற்குக் கொண்டுசெல்லும் என்பதால், உச்ச அளவையோ ஒலியுணர் திறனையோ கட்டுப்படுத்தும் வசதி இருந்தால் அதைக் குறைந்த நிலையில் அமைத்துத் தொடங்குவது நன்று. நீண்ட நேர அதிர்வு தற்காலிக மரத்துப்போதலை உண்டாக்கலாம். வலியோ எரிச்சலோ தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். பொருளைப் பொறுத்தவரை, நுண்துளையற்ற சிலிக்கோன் கழுவித் தூய்மை செய்ய எளிது. மென்மையூட்டுவதற்காகத் தாலேட் எனப்படும் வேதிப்பொருள் சேர்க்கப்பட்ட மலிவான பிவிசி வகைகளைத் தவிர்ப்பது பாதுகாப்பானது. இக்கருவிகளின் வடிவமைப்பு, பாதுகாப்பு ஆகியவற்றுக்கான பன்னாட்டுத் தரமாக ஐ.எஸ்.ஓ. 3533 என்பது 2021-இல் வெளியிடப்பட்டது. அத்தரத்தைப் பின்பற்றுவதாக உற்பத்தியாளர் அறிவித்துள்ளாரா என்று பார்ப்பது பயன் தரும். ஒரே கருவியை இருவர் பகிர்ந்துகொண்டால் பால்வினைத் தொற்று பரவக்கூடும் என்பதால் ஆணுறை இட்டு, ஒருவர் பயன்படுத்தியபின் அதை மாற்ற வேண்டும். மின்னேற்றம் நடக்கும்போது கருவியைப் பயன்படுத்தலாகாது. இதயமுடுக்கி, அதாவது பேஸ்மேக்கர், பொருத்தப்பட்டவர்கள் காந்த இணைப்பால் மின்னேற்றும் கருவிகளை வாங்குமுன் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

சட்டம் தரும் காப்பு

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, ஒருவரின் பாலியல் வாழ்வு பற்றிய தரவைச் சிறப்புக் காப்புக்குரிய வகையாகவே வைத்துள்ளது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், இணையத்தோடு இணையக்கூடிய நுகர்வோர் கருவிகளில் எளிதில் ஊகிக்கத்தக்க தொழிற்சாலைக் கடவுச்சொற்களைத் தடைசெய்ததோடு, எவ்வளவு காலம் பாதுகாப்புப் புதுப்பிப்பு வழங்கப்படும் என்பதை உற்பத்தியாளர் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்றும் விதித்தது.

இந்தியாவில் இக்கருவிகளை வைத்திருப்பதையோ தனிமையில் பயன்படுத்துவதையோ குறிப்பாகத் தடைசெய்யும் சட்டம் இல்லை. ஆபாசப் பொருள்களை விற்பது, பொதுவில் காட்சிப்படுத்துவது, இறக்குமதி செய்வது போன்றவை பாரதிய நியாய சங்கிதையின் 294-ஆம் பிரிவின்படி குற்றமாகும். இறக்குமதியான உடல் மசாஜ் கருவிகள், 1964-ஆம் ஆண்டின் சுங்க அறிவிக்கை தடைசெய்த ஆபாசப் பொருள்களில் அடங்கா என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அளித்த தீர்ப்பு பயனரின் அந்தரங்க உரிமைக்கு அடித்தளமாக நிற்கிறது. 2023-ஆம் ஆண்டின் மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க வகைசெய்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, முதன்மையான கடமைகள் 18 மாத அவகாசத்தில் நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டுள்ளன. பழுதான கருவிக்கும் பொய்யான விளம்பரத்திற்கும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். இணைய வணிகத்திற்கான 2020-ஆம் ஆண்டின் விதிகளின்படி, குறைதீர் அலுவலர் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

வாங்கும்போதும் தவறு நேர்ந்தபோதும்

கணக்குத் தொடங்காமல் இயங்கும் கருவிக்கும், ஒலிவாங்கியைக் கேட்காத இசைவசதிக்கும் முன்னுரிமை அளிப்பது முதற்காப்பு. கணக்குத் தவிர்க்க முடியாததாயின், வேறெதற்கும் பயன்படாத தனி மின்னஞ்சலையும் புனைபெயரையும் தருவது நலம். ஒலிவாங்கிக்கான அனுமதியைச் செயலி திறந்திருக்கும்போது மட்டும் என்று வரையறுத்து, இருப்பிடம், தொடர்பு எண்கள், படத்தொகுப்பு ஆகியவற்றுக்கான அனுமதியை மறுத்துவிட வேண்டும். புளூடூத் இணைப்புக்காக இருப்பிட அனுமதி கேட்கும் பழைய கைப்பேசிகளில் அதைப் பயன்பாட்டு நேரத்துக்கு மட்டும் அளிக்கலாம். ஐஃபோனில் ஐ.ஓ.எஸ். 14 முதலும், ஆண்ட்ராய்டில் 12-ஆம் பதிப்பு முதலும், ஒலிவாங்கி இயங்கும்போது திரையின் மேற்புறத்தில் ஒரு வண்ணக் குறி தோன்றும். இசைவசதியை நிறுத்திய பின்னும் அக்குறி மறையாவிட்டால் செயலியை மூடி, அனுமதியைத் திரும்பப் பெற வேண்டும். பயன்பாடு முடிந்ததும் கருவியை அணைத்து வைத்தால் அந்நியர் இணையும் வாய்ப்பு அற்றுப்போகும்.

தவறு நேர்ந்துவிட்டால், செயலியை அழிப்பதற்கு முன்பாகவே கைப்பேசித் திரையின் பிடிப்புகளையும் விலைச்சீட்டையும் நிறுவனத்தின் மறுமொழிகளையும் பாதுகாத்துவைக்க வேண்டும். ஏனெனில் செயலியோடு சான்றும் அழிந்துவிடக்கூடும். பின்னர் நிறுவனத்திடம் எழுத்து வடிவில், சேர்த்த தரவின் நகலையும் அதன் அழிப்பையும் கோரலாம். கருவியின் குறைபாட்டுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும், தேவையானால் வாழும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். ஒலிப்பதிவையோ படத்தையோ காட்டி எவரேனும் மிரட்டினால் பணம் கொடுக்காமல் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் புகார் பதிவு செய்வதும், பணம் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைப்பதும் உரிய வழி.

சமையலறை மிக்ஸி பழுதானால் கடையேறிக் கேட்கத் தயங்காத நுகர்வோர், இக்கருவியின் பெயரைப் பிறர் முன் சொல்ல நேருமே என்ற கூச்சத்தால் நட்டத்தையும் அவமதிப்பையும் ஒருசேர விழுங்கிக்கொள்வதே, கவனமற்ற உற்பத்தியாளருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு. கருவி எதுவாயினும் அதை வாங்கியவர் நுகர்வோரே. அவருடைய அந்தரங்கம் அடிப்படை உரிமையே. இல்லினாய் நீதிமன்றத்தில் முதலெழுத்துகளை மட்டும் எழுதிக்கொடுத்த ஒரு பெண்ணின் வழக்கு, ஏறத்தாழ மூன்று இலட்சம் பேருக்கு இழப்பீடு கோரும் வழியைத் திறந்தது. பாதிக்கப்பட்டவர் எவராயினும் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. புகார் அளிப்பது அவருடைய உரிமை, பதில் சொல்வது நிறுவனத்தின் கடமை.