ராக்கெட்டைக் காட்டி வைப்பதா, பூட்டி வைப்பதா?

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ராக்கெட் என்பது பாடப் புத்தகத்தில் மட்டும் காணும் பொருளன்று. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் மாலையில், தும்பாக் கடற்கரையிலிருந்து நைக்-அப்பாச்சி என்னும் அமெரிக்க ராக்கெட் விண்ணிற் பாய்ந்தது. அது முதல் இவ்வூர்ச் சிறுவரின் விளையாட்டிலும் ராக்கெட் இடம் பிடித்துக்கொண்டது. அட்டைக் குழல், மென்மரச் சிறகு, பிளாஸ்டிக் கூம்பு இவற்றால் ஆன சிறு ராக்கெட்டுகள் இன்று நம்மவர் சிலரின் வீடுகளில் அலமாரியை அணி செய்கின்றன. வெளிநாட்டிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ கொணர்ந்த பெட்டிகளும் உண்டு. அவற்றைச் செய்யும் முறையைச் சொல்லும் நூல்கள் பல. செய்தபின் வைத்துக் காக்கும் முறையைச் சொல்வார் சிலரே. ஆகவே இதுபற்றிச் சிறிது விரிவாக எழுதலாம் என்று கருதினோம்.

முதலில் தும்பாவையே பார்ப்போம். அங்குள்ள புனித மகதலேன் மரியாள் தேவாலயத்தை, பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரைரா அவர்களின் இசைவால் விஞ்ஞானிகள் பெற்றுத் தம் முதல் அலுவலகமாகக் கொண்டனர். நம் இராமேசுவரத்து அப்துல் கலாம் அவர்களும் அங்குப் பணியாற்றியவரே. 1985-இல் அவ்வாலயம் விண்வெளிப் பொருட்காட்சிச் சாலையாயிற்று. 1967 நவம்பர் 20-ஆம் நாள் ஏவப்பட்ட நம் நாட்டு முதல் ராக்கெட்டான ரோகிணி-75 முதற்கொண்டு, இந்திய ராக்கெட்டுகளின் வரலாற்றை அங்கே காணலாம். காட்சிக்கு நிற்கும் ராக்கெட்டில் மருந்து இராது. வீட்டு அலமாரிக்கும் முதல் விதி இதுவே.

சிறு ராக்கெட்டின் அமைப்பே இதற்கு இடம் தருகிறது. 1954-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர் இவ்வகை ராக்கெட்டை உருவாக்கினார். 1957-இல் ஹாரி ஸ்டைன் என்னும் பொறியியலறிஞருடன் அவருக்குத் தொடர்பு ஏற்பட, இது ஒரு முறையான பொழுதுபோக்காக வளர்ந்தது. சிறுவர் தாமே வெடிமருந்து கலந்து கையையும் கண்ணையும் இழந்துவந்த காலம் அது. அதற்கு மாற்றாக, தொழிற்சாலையில் செய்த மருந்துக் குழலை ஏவும் வேளையில் மட்டும் செருகும் வழக்கம் வந்தது. ராக்கெட் வேறு, மருந்து வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைப்போர் அந்த நன்மையைக் கைவிட்டவராவர்.

மருந்துக் குழலைப் பற்றிச் சற்று ஊன்றிக் கூறவேண்டும். கருமருந்தைத் தடித்த காகிதக் குழலில் அழுத்தி இறுக்கி இதனைச் செய்கின்றனர். வெயிலால் சூடேறி, இரவில் குளிர்ந்து, மறுநாள் மீண்டும் சூடேறினால், மருந்தும் காகிதமும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. மருந்தில் நுண்ணிய வெடிப்பு விழும். அல்லது குழலை விட்டு அது விலகும். பற்றவைக்கும்போது தீ அவ்விடைவெளியில் புகுந்து ஒரே சமயத்தில் மிகுந்த பரப்பை எரிக்க, அழுத்தம் தாங்காமல் குழல் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் பழுது ஒன்றும் தெரியாது. எனவே மொட்டைமாடியை ஒட்டிய பரணும், வெயிலில் நிற்கும் காரும் இதற்கு ஆகா. அடுக்களையும் பூஜை அறையும் கூடவே கூடா. திருக்கார்த்திகையன்று வீடெங்கும் அகல் ஏற்றும் நம் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சூடு மாறாத உள்ளறையில், மூடியுள்ள பெட்டியில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்தலே தகும். பற்றவைக்கும் கம்பிகள் வேறு பெட்டியில் இருக்கட்டும்.

பழைய மருந்து தானே செத்துவிடும் என்று எண்ணுவோர் ஒரு செய்தியை அறிய வேண்டும். 2018-ஆம் ஆண்டு கருநாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்து நகரக் கோட்டையில், ஒரு பாழ்ங்கிணற்றிலிருந்து திப்பு சுல்தான் காலத்து இரும்பு ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல் எடுக்கப்பட்டன. இருநூறு ஆண்டுக்கு மேலாகியும் கிணற்று மண் வெடிமருந்து நாறியதாம்! நனைந்த அல்லது ஐயத்துக்குரிய குழலை வெயிலில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்த முயல வேண்டாம். குப்பைத் தீயிலும் இடவேண்டாம். வாளித் தண்ணீரில் காகிதம் பிரிந்து மருந்து கரையும்வரை ஊறவிடுதலே முறை.

இனி, காட்சிக்கு வைக்கும் வெறும் ராக்கெட். இதற்குப் பகை தீயன்று, இவ்வூர்க் காற்று. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மாறி மாறி நனைக்கும் இவ்வூரில் மென்மரச் சிறகு வளையும், அட்டை ஊதும், பூஞ்சணம் பூக்கும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் விலக்கி வையுங்கள். கண்ணாடிப் பெட்டி அழகே. ஆனால் காற்றுப் புகாத பெட்டியில் ஈரம் சிறைப்பட்டால் கேடு அதிகம். சிறு துளைகளும், அவ்வப்போது மாற்றும் ஈரமுறிஞ்சிப் பொட்டலமும் வேண்டும். மேற்குச் சன்னல் வெயில் வண்ணத்தை வெளுக்கும். இராமபாணப் பூச்சி அட்டையை அரிக்கும். பெயர்ப் பொருத்தத்தைக் கண்டு நகைத்துக்கொள்ளலாம்! அதற்காக அந்துருண்டை போட்டுவிடாதீர்கள். அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். நம் முன்னோர் ஏட்டுச் சுவடிக்கு வைத்த வசம்பே போதும்.

ராக்கெட்டைச் சிறகின்மேல் நிறுத்துவது பெரும்பாலோர் வழக்கம். நாளடைவில் சிறகு முறியும். கனமான மரக்கட்டையில் ஒரு குச்சியை நட்டு, மருந்துக் குழல் செருகும் துளையில் அது நுழையுமாறு நிறுத்தினால், பாரம் முழுவதும் உடற்குழலில் தங்கும். தூண்டில் நரம்பால் கூரையில் தொங்கவிட விரும்புவோர், மின்விசிறியை மறவாதிருப்பார்களாக. உள்ளிருக்கும் பாராசூட்டை மடித்தபடியே விட்டால் ஒட்டிக்கொள்ளும். அதை வெளியே எடுத்து, முகப்பவுடர் சிறிது தூவி, தளர மடித்து வைக்க வேண்டும். ரப்பர்க் கயிறு தானாகவே மட்கும். ஏவுமுன் இழுத்துப் பார்த்து மாற்றுக.

வாடகை வீடு மாறுவதும், வேலை மாற்றலாகிப் போவதும் நம்மவர்க்குப் புதிதன்று. 1966-இல் தும்பாவில் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸான் எடுத்த படத்தில், ராக்கெட்டின் கூம்பு ஒரு சைக்கிளில் ஏறிப் போகிறது! நம் பிள்ளைகளின் ராக்கெட்டும் அப்படிப் போகலாம். கூம்பைக் கழற்றி, சிறகைத் துணியில் பொதிந்து, தனிப் பெட்டியில் வைத்தால் போதும். மருந்துக் குழலை மட்டும் விமானத்தில் கொண்டுசெல்லல் ஆகாது. ஊருக்குச் செல்லும் ரயிலிலும் அப்படியே. விடுமுறைக்கு வரும் உறவினரிடம் 'ராக்கெட் மட்டும் வாங்கி வாருங்கள், மருந்து வேண்டாம்' என்று முன்கூட்டியே எழுதிவிடுவது நல்லது.