மின் ஸ்கூட்டருக்கு ஒருமுறை சோதனை போதுமா?

பெட்ரோல் ஸ்கூட்டர் வைத்திருப்பவர் குறித்த இடைவெளியில் புகைப் பரிசோதனைச் சான்று வாங்கியாக வேண்டும். அந்தச் சோதனை புகையை மட்டுமே அளக்கிறது என்றாலும், வண்டி ஏதோ ஒரு கருவியின் முன்னால் வந்து நிற்கவாவது செய்கிறது. மின் ஸ்கூட்டருக்குப் புகைக்குழாய் இல்லாததால் அந்தக் கட்டாயமும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி தனியார் இருசக்கர வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும்; எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று பற்றிய பேச்சே அதன் பிறகுதான். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும் கொண்ட சிறு வண்டிகளுக்குப் பதிவுகூடத் தேவையில்லை. ஆக, கடையிலிருந்து வெளியே வந்த மின் ஸ்கூட்டரை அதன் பேட்டரியின் ஆயுள் முழுவதும் எந்த அதிகாரியும் பார்க்கப்போவதில்லை. விற்பனைக்கு முன் நடக்கும் சோதனைகளை நாம் நன்றாகவே கடுமையாக்கியிருக்கிறோம். விற்ற பிறகு நடக்க வேண்டிய சோதனையைப் பற்றித்தான் இன்னும் யோசிக்கவில்லை. இந்த வண்டிகளின் பாதுகாப்பில் இன்று மிஞ்சியிருக்கும் பெரிய ஓட்டை இதுவே.

முன்சோதனைகள் கடுமையானதற்குக் காரணம் 2022ஆம் ஆண்டு. அவ்வாண்டு மார்ச் மாதம் வேலூரில் வீட்டில் நிறுத்தியிருந்த மின் ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்தது; எழுந்த புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் வேறு ஊர்களிலும் வண்டிகள் எரிந்தன. நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தன. செப்டம்பரில் செகந்திராபாத்தில் தங்கும் விடுதி ஒன்றின் கீழ்த்தளத்தில் இயங்கிய மின் ஸ்கூட்டர் விற்பனையகத்தில் பிடித்த தீ எட்டு உயிர்களைக் குடித்தது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் நிபுணர் குழு அமைத்து, ஏ.ஐ.எஸ். 156 என்ற தரநிலையைத் திருத்தியது. திருத்தம் 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. பேட்டரியை அதிர்வுக்கும் மோதலுக்கும் உள்ளாக்குவது, ஷார்ட் சர்க்கியூட் செய்வது, அளவுக்கு மீறி சார்ஜ் ஏற்றுவது, தீயில் காட்டுவது ஆகியவற்றோடு முக்கியமான ஒன்றும் சேர்ந்தது. பேக்குக்குள் ஒரு செல்லை வேண்டுமென்றே கெடுத்து, அதன் வெப்பம் பக்கத்துச் செல்களுக்குப் பரவி முழுப் பேக்கும் எரிகிறதா என்று பார்க்கும் சோதனை அது. புனேயில் உள்ள அராய் போன்ற அங்கீகரிக்கப்பட்ட கூடங்களில் இவற்றில் தேறிய மாதிரிக்கே விற்பனை அனுமதி. இவை நல்ல விதிகள். ஆனால் தேர்வு எழுதுவது புத்தம் புதிய பேட்டரி. தெருவில் ஓடுவது வயதாகிக்கொண்டே போகும் பேட்டரி.

பேட்டரி வயதாவது வெறும் மைலேஜ் குறையும் விஷயம் அல்ல. 21 மில்லிமீட்டர் விட்டமும் 70 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளைச் செல்கள் ஏறத்தாழ இருநூறு சேர்ந்தால் நீண்ட தூரம் ஓடும் ஒரு ஸ்கூட்டரின் பேக். அவை குழுக்களாகப் பிரிந்து, குழுக்கள் வரிசையாக இணைந்திருக்கும். எல்லாக் குழுக்களும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. ஒன்று பலவீனமானால், சார்ஜ் ஏறும்போது அதன் மின்னழுத்தம் மற்றவற்றை முந்துகிறது. வண்டி ஓடும்போது முதலில் அதுவே வற்றுகிறது. இந்த ஏற்றத்தாழ்வைக் கவனித்துச் சரிசெய்யத்தான் பி.எம்.எஸ். என்ற கட்டுப்பாட்டுப் பலகை இருக்கிறது. பள்ளம் மேட்டில் குலுங்கி அதன் உணர்கம்பி விட்டுப்போனாலோ, வெல்டிங் தளர்ந்தாலோ, உறையின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்து ஈரம் புகுந்தாலோ, காவலனே கண் இழந்தவனாகிறான். செல்லின் வெப்பம் 80 முதல் 120 டிகிரி செல்சியசை எட்டும்போது எதிர்மின்முனையின் மேல் உள்ள காப்புப் படலம் சிதையத் தொடங்குகிறது. சுமார் 130 டிகிரியில் இரு முனைகளையும் பிரிக்கும் பாலிஎத்திலீன் சவ்வு உருகுகிறது. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகையில் 200 டிகிரியை ஒட்டி நேர்மின்முனைப் பொருளே ஆக்சிஜனை வெளிவிடுகிறது. தெர்மல் ரன்அவே எனப்படும் இந்தச் சங்கிலி தொடங்கிவிட்டால், வெளிக்காற்றை மறித்து அதை அணைத்துவிட முடியாது. தடுக்க வேண்டிய கட்டம் அதற்கு முன்னால், மின்னழுத்த வேறுபாடாகவும் உயர்ந்த உள் மின்தடையாகவும் குறை தலைகாட்டும் மாதங்களில் இருக்கிறது.

சோதனைக்கூடம் வாழ்க்கை முழுவதையும் ஒத்திகை பார்க்க முடியாது என்பதற்கு நம்மூரிலேயே சான்று உண்டு. நீர்ப்புகாமைக்கான ஐ.பி. 67 சோதனையில் பேட்டரியை ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடங்கள் வைக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் வெள்ளம் வடிய நாட்கள் ஆயின. அத்தனை நேரம் சாக்கடை கலந்த நீரில் கிடந்த பேட்டரியைப் பற்றி அந்த முப்பது நிமிடச் சோதனை எதையும் உறுதியளிப்பதில்லை. ஆனாலும் அப்படி மூழ்கிய வண்டியைத் துடைத்து, காயவைத்து, வீட்டுக்குள் சார்ஜ் போடுவதைத் தடுக்க எந்த ஏற்பாடும் இல்லை. இன்னொரு சான்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. ஜெனரல் மோட்டார்ஸின் போல்ட் மின் கார் எல்லாத் தேர்விலும் தேறி விற்பனைக்கு வந்தது. சில செல்களில் கிழிந்த முனைப் பட்டையும் மடிந்த சவ்வும் சேர்ந்தே இருந்தால் தீப்பிடிக்கிறது என்பது, வண்டிகள் எரிந்த பிறகுதான் தெரிந்தது. 2021இல் அதுவரை விற்ற எல்லாப் போல்ட் கார்களையும் திரும்ப அழைத்த நிறுவனம், பேட்டரியின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணிக்கும் மென்பொருளையும் ஏற்றியது. அனுமதிச் சோதனை காட்டிக்கொடுக்காத குறையை ஓட்டத்தில் கண்காணித்துப் பிடிக்கலாம் என்று உற்பத்தியாளரே ஒப்புக்கொண்டதாகத்தான் இதைக் கொள்ள வேண்டும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு, பெட்ரோல் வண்டிகள்தான் அதிகம் எரிகின்றன, மின் வண்டியை மட்டும் ஏன் குறிவைக்க வேண்டும் என்பது. கார்களைப் பொறுத்தவரை மறுப்பில் உண்மை இருக்கிறது. 2022இல் ஸ்வீடனில் மின்சார, ஹைபிரிட் கார்கள் சுமார் 6,11,000 ஓடின. அவற்றில் 23தான் தீப்பிடித்தன. சுமார் 44 லட்சம் பெட்ரோல், டீசல் கார்களில் எரிந்தவை ஏறத்தாழ 3,400. ஆனால் கார் எரிவது பெரும்பாலும் சாலையிலோ வெளி முற்றத்திலோதான். ஸ்கூட்டரோ மாடிப்படியின் அடியிலும் வாசல் நடையிலும் நின்று, வீட்டார் தூங்கும் நேரத்தில் சார்ஜ் ஏறுகிறது. கழற்றக்கூடிய பேட்டரி என்றால் படுக்கையறைவரை வந்துவிடுகிறது. பலரின் உயிரை வாங்குவது சுடரைவிட, ஒரே வெளிவழியை அடைத்துக்கொள்ளும் புகை. தீப்பிடிக்கும் வாய்ப்பு குறைவு என்பதாலேயே, பிடித்தால் நேரும் விளைவும் குறைவு என்று ஆகிவிடாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு மாறினால் தீர்ந்துவிடும் என்பாரும் உண்டு. அந்த வகை அதிக வெப்பத்தைத் தாங்கும், எளிதில் ஆக்சிஜனை விடாது. ஆனால் அதிலும் எரியக்கூடிய கரைப்பான்தான் இருக்கிறது. தளர்ந்த இணைப்பும் பொருந்தாத சார்ஜரும் வேதியியல் பார்த்து வருவதில்லை.

இன்னொரு மறுப்பு நடைமுறை பற்றியது. ஏற்கெனவே ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் கூட்டம், இன்னொரு சான்று என்றால் இன்னொரு வரிசை, இன்னொரு இடைத்தரகர். இந்தக் கவலை நியாயமானது. ஆனால் பேட்டரிப் பரிசோதனைக்குப் பேக்கைப் பிரிக்க வேண்டியதில்லை. செல் குழுக்களின் மின்னழுத்தம், வெப்ப வரலாறு, பிழைப் பதிவு ஆகியவற்றை நல்ல பி.எம்.எஸ். தானே எழுதி வைத்துக்கொள்கிறது. அதைப் படிக்கும் கருவியும், உறை, கேபிள், சார்ஜர், பிரேக், முன் ஃபோர்க் ஆகியவற்றைக் கண்ணால் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் போதும். புகைச் சோதனை மையங்களிலேயே செய்துவிடலாம். தடையாக இருப்பது தொழில்நுட்பம் அல்ல, பூட்டிய தகவல். ஒவ்வொரு நிறுவனமும் தன் பி.எம்.எஸ். பேச்சைத் தன் சர்வீஸ் மையத்துக்கு மட்டும் கேட்கும்படி வைத்திருந்தால் வெளியார் எப்படிச் சோதிப்பது? ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டம் இதைத் தீர்க்க வழி காட்டுகிறது. ஸ்கூட்டர் போன்ற இலகு வாகன பேட்டரிகளின் உடல்நிலைத் தரவை வாங்கியவர் படித்தறிய உரிமை தந்திருக்கிறது. 2027 பிப்ரவரி முதல் இத்தகைய ஒவ்வொரு பேட்டரிக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட்டும் கட்டாயம். ஆபத்தான பொருளை மக்கள் வீட்டில் வைத்திருப்பதும் அதைக் காலமுறையில் சோதிப்பதும் நமக்குப் புதிதுமல்ல. சமையல் எரிவாயு சிலிண்டரின் மேற்பட்டையில் உள்ள எழுத்தும் எண்ணும் அதன் அடுத்த சோதனைக்கான காலாண்டையும் ஆண்டையும்தான் சொல்கின்றன.

சோதனை உயிரைக் காக்குமா என்று கேட்பவர்கள் நியூயார்க்கைப் பார்க்கலாம். லித்தியம் பேட்டரித் தீயில் அந்நகரில் 2023இல் 18 பேர் இறந்தார்கள். அவ்வாண்டு செப்டம்பரில், அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் தரச் சான்று இல்லாத மின் சைக்கிளையும் ஸ்கூட்டரையும் பேட்டரியையும் விற்கத் தடை வந்தது. தீயணைப்புத் துறை கடைகளைச் சோதித்தது. பழைய செல்களைச் சேர்த்து பேக் கட்டும் இடங்களை மடக்கியது. மக்களுக்கு எச்சரிக்கை செய்தது. 2024இல் இறப்பு 6 ஆகக் குறைந்தது. விதி ஒன்றே இதைச் சாதிக்கவில்லை. தாளில் இருந்த விதியைத் தெருவுக்குக் கொண்டுபோன கண்காணிப்பும் சேர்ந்து சாதித்தது.

இந்தியாவின் மின் ஸ்கூட்டர்களில் பெரும்பங்கு கிருஷ்ணகிரி, ஓசூர், ராணிப்பேட்டை ஆலைகளில் பிறக்கிறது. இதில் முன்கை எடுக்கத் தமிழ்நாட்டைவிடப் பொருத்தமான மாநிலம் இல்லை. மூன்று ஆண்டு நிறைந்த வண்டிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பேட்டரிப் பரிசோதனை, வெள்ளத்தில் மூழ்கிய அல்லது விபத்தில் அடிபட்ட வண்டிக்குச் சோதனை முடியும்வரை சார்ஜ் ஏற்றத் தடை, பி.எம்.எஸ். தரவைப் படிக்க எல்லோருக்கும் பொதுவான முறை ஆகிய மூன்றை மட்டும் அரசு முதலில் செய்யட்டும். அதுவரை வண்டி வைத்திருப்பவர்கள் நிறுவனம் தந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். வெளிவழியை மறித்து வண்டியைச் சார்ஜில் விடாதீர்கள். சர்வீசுக்கு விடும்போது செல் குழுக்களின் மின்னழுத்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.