வலி போன பிறகு

சடுகுடு ஆட்டத்தில் பாடிச் சென்ற பையன், எதிர்க் கட்சியார் நால்வர் தன் இடுப்பையும் தொடையையும் பற்றிக்கொண்ட பின்னும், நடுக்கோட்டைத் தொட்டுவிட வேண்டும் என்ற ஒரே வேகத்தில் கையைத் தலைக்கு மேலாக நீட்டிக்கொண்டு மண்ணில் விழுகிறானே, தோள் நழுவுவதற்கு அதைக் காட்டிலும் தோதான நிலை வேறில்லை. பிடிப்பவர்களுக்கும் அபாயம் இல்லாமலில்லை. கைகோத்து நிற்கும் இருவர் நடுவே அவன் பாய்ந்து அறுத்துக்கொண்டு ஓடும்போது, கோத்த கை பின்புறமாக இழுபட்டுவிடுகிறது. எழுந்து நிற்பவன் மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டிருப்பான். உருண்டு திரண்டிருக்க வேண்டிய தோள் தட்டையாகி, எலும்பின் நுனிக்குக் கீழே ஒரு பள்ளம் விழுந்திருக்கும்.

நம் சரீரத்தில் தோளைப் போல் எல்லாத் திக்கிலும் சுழலும் மூட்டு வேறு கிடையாது. அவ்வாறு சுழல்வதற்காகவே அதன் கிண்ணம் ஆழமின்றி அமைந்திருக்கிறது. இடுப்பில் பந்து கிண்ணத்துக்குள் புதைந்திருக்க, தோளிலோ சிறு தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் போல் புயவெலும்பின் தலை, ஏறக்குறைய மூன்றில் ஒரு பாகமே கிண்ணத்தோடு பொருந்தி நிற்கிறது. அதை விழாமல் காப்பவை கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றியோடும் குருத்து வளையமும், ஜவ்வும், நான்கு சிறு தசைகளுமே. எலும்பு முன்புறமாக நழுவும்போது அந்த வளையம் விளிம்பிலிருந்து பிய்ந்துவிடுகிறது என்பதை லண்டன் ரணசிகிச்சை நிபுணர் பாங்கார்ட் 1923-இல் எடுத்துக்காட்டினார். இன்றும் அக்காயம் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இங்கேதான் பிராயம் முக்கியமாகிறது. அறுபது வயதுக்காரர் வழுக்கி விழுந்து தோள் நழுவினால், தசைநார் அறுந்து கை தூக்க முடியாமற் போவதுதான் பெரிய கவலை. பதினாறு வயதுப் பையனுக்கோ தோள் மறுபடியும் நழுவுவதே கவலை. இருபது வயதுக்குள் முதன்முறை நழுவிய தோள்களில் பாதிக்கு மேற்பட்டவை பின்னர் மீண்டும் நழுவுகின்றன என்பதே பெரும்பாலான ஆராய்ச்சிகளின் முடிவு. நீண்ட நாள் கட்டிவைத்தால் இது வராது என்று வெகுகாலம் நம்பப்பட்டது. ஸ்வீடன் தேசத்தில் ஹோவெலியஸ் என்னும் மருத்துவரும் சகாக்களும், 1978, 1979 ஆண்டுகளில் 12 முதல் 40 வயதுக்குள் தோள் நழுவியவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், மூன்று நான்கு வாரம் கட்டிவைத்தவர்களுக்கும் சீக்கிரமே கட்டை விட்டவர்களுக்கும் பலனில் வேற்றுமை காணவில்லை. கட்டு வலியை ஆற்றும்; பிய்ந்த வளையத்தை ஒட்டவைக்கும் என்று அதை நம்பியிருக்க முடியாது.

மைதானத்திலேயே கையைப் பிடித்து இழுத்துச் சரிசெய்யும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோளைச் சுற்றிவரும் நரம்பு ஒன்று இதில் நசுங்கக்கூடும். தோளின் வெளிப்புறத்தில் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று டாக்டர் முதலில் பார்ப்பது அதற்காகத்தான். தவிரவும், புயவெலும்பின் நீள வளர்ச்சியில் சுமார் 80 சதவிகிதம் தோளருகே உள்ள வளர்ச்சித் தகட்டிலிருந்தே உண்டாவதால், வளரும் பிள்ளைக்கு நழுவல் என்று நாம் எண்ணுவது உண்மையில் அந்தத் தகட்டின் முறிவாகவும் இருக்கலாம். எக்ஸ்ரே எடுக்காமல் அதை யாராலும் சொல்ல முடியாது. புத்தூர் கட்டின் மேல் நம் ஜனங்களுக்கு உள்ள நம்பிக்கையைப் பரிகசிப்பது என் நோக்கமன்று. ஆனால், சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் விட்டு நீவுவதை மட்டும் நான் சிறிதும் ஒப்பமாட்டேன்.

மூட்டு தன் இடத்தில் அமர்ந்த பிறகு தொடங்கும் மாதங்கள்தாம் உண்மையான சிகிச்சைக் காலம். முதலில் ஸ்லிங், அதிலேயே விரல்களையும் மணிக்கட்டையும் முழங்கையையும் அசைத்துவர வேண்டும். சட்டை போடும்போது காயப்பட்ட கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது அதையே கடைசியில் எடுக்கும் பழக்கம் அந்நாட்களில் பையனுக்குத் தானே வந்துவிடும். பிறகு மேஜையைப் பிடித்துக் குனிந்து கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது. அப்பால், விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே சுருட்டிய துண்டை இடுக்கிக்கொண்டு, ஜன்னல் கம்பியில் கட்டிய ரப்பர்ப் பட்டையை வெளிப்புறமாக இழுப்பது. பார்ப்பவருக்கு இது விளையாட்டாகத் தோன்றும். தண்டால் எடுத்துப் பழகிய பையனுக்கோ அவமானமாகவே தோன்றும். எனினும், மார்பும் புஜமும் எவ்வளவு பெருத்தாலும் மூட்டைப் பிடித்து நிறுத்தாது. அந்தக் காரியம் உள்ளேயுள்ள சிறு தசைகளுக்கும், தோள்பட்டை எலும்பை முதுகோடு இருத்தும் தசைகளுக்கும் உரியது.

மூன்றாவது வாரத்துக்குள் வலி அநேகமாகப் போய்விடுகிறது, தொந்தரவும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறது. "வலியே இல்லை சார், இறங்கட்டுமா?" என்று பையன் பீ.டி. வாத்தியாரிடம் போய் நிற்பான். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமோ வேலையோ கிடைக்கும் என்று குடும்பமே எதிர்பார்த்திருக்கும்போது, அவன் உபாதையை மறைப்பதில் ஆச்சரியமில்லை. ஆகவே அவன் வாய்ச்சொல்லை விட்டு முகத்தைப் பார்க்க வேண்டும். படுக்கவைத்து, முழங்கையை மடக்கி, பந்து எறிய ஓங்குவது போல் கையைப் பின்புறமாக மெல்லத் திருப்பினால், ஜவ்வு தளர்ந்திருப்பவன் வலிக்கு முன்பே முகம் சுளித்து உடலை இறுக்கிக்கொள்வான். அந்தப் பயம் நீங்கி, இரு கைகளின் பலமும் அசைவும் சமமாகும் வரையில் அவன் ஆட்டத்துக்குத் தயாரானவன் அல்லன். அதற்குப் பொதுவாகச் சில மாதங்கள் பிடிக்கும். காலண்டரைக் கிழித்து மட்டும் அதைத் தீர்மானிக்கக் கூடாது.

தோள் இரண்டாம் முறையும் நழுவினால், அல்லது எம்.ஆர்.ஐ. படத்தில் கிண்ணத்து எலும்பு தேய்ந்திருப்பது தெரிந்தால், ரணசிகிச்சையைப் பற்றிப் பேசுவதில் தாமதம் கூடாது; உடல் மோதும் ஆட்டக்காரப் பிள்ளைகளுக்கு முதல் முறையிலேயே அதைச் சொல்லும் டாக்டர்களும் உண்டு. சிறு துளைகள் வழியே பிய்ந்த வளையத்தை எலும்போடு தைத்துவிடுகிறார்கள். அதன் பின்னும் அதே துண்டு, அதே ரப்பர்ப் பட்டை. மைதானம் திரும்ப ஏறக்குறைய ஆறு மாதம்.

பொங்கல் ஆட்டங்கள் நடத்தும் ஊர்க் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம்: கோப்பைக்கும் மைக் செட்டுக்கும் செய்யும் செலவில் சிறு பகுதியைக் கொண்டு முக்கோணத் துணியும் பனிக்கட்டியும் மைதானத்தில் வைத்திருங்கள், தோள் நழுவிய பையனின் கையை யாரும் இழுக்கவிடாமல், கிடந்த நிலையிலேயே மார்போடு சேர்த்துக் கட்டி, 108-ஐ அழைத்து, எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.